4×100 ரிலே: பேட்டன் கை மாறும் 30 மீட்டர்

2024 ஆகஸ்ட் 9, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. நால்வர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி, பேட்டன் என்ற சிறு குழாயை அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டே போகும் ஓட்டம் இது. முந்தைய நாள் ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) அமெரிக்கா 37.47 விநாடியில் ஓடியிருந்தது. கனடா 38.39. ஒரு விநாடிக்குக் கொஞ்சம்தான் குறைவான வித்தியாசம். தட்டுத்தடுமாறி இறுதிக்கு வந்ததால் கனடாவுக்குக் கிடைத்தது ஓரத்து ஒன்பதாவது லேன். அந்த அணியின் நால்வரில் ஒருவர்கூட அந்த ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதியிலோ 200 மீட்டர் இறுதியிலோ ஓடவில்லை. ஆனால் தங்கம் அவர்களுக்குத்தான், 37.50 விநாடியில். அமெரிக்கா தகுதி நீக்கம்.

முதல் கைமாற்றத்திலேயே அமெரிக்காவின் கதை முடிந்துவிட்டது. கிறிஸ்டியன் கோல்மன் வளைவை முடித்து வருகிறார், கென்னி பெட்னாரெக் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். பேட்டன் எட்டவில்லை. பெட்னாரெக் வேகத்தைக் குறைத்து வாங்கி முடிப்பதற்குள் ஸோன், அதாவது பேட்டனைக் கை மாற்ற வேண்டிய பகுதி, கடந்துவிட்டது. டிவியில் பார்த்தவர்களுக்கு இது கைத் தவறு. ரிலே பயிற்சியில் ஊறியவர்கள் முதலில் பார்ப்பது காலைத்தான். வாங்குபவர் எந்தக் கணத்தில் கிளம்பினார் என்பதிலேயே முக்கால்வாசி தீர்மானமாகிவிடும். கை நீட்டுவதெல்லாம் அதற்கு மூன்று விநாடி கழித்து நடப்பது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. ஹீட்ஸில் ஓடிய வரிசை கோல்மன், ஃப்ரெட் கெர்லி, கைரீ கிங், கோர்ட்னி லின்ட்சி. இறுதியில் ஓடிய வரிசை கோல்மன், பெட்னாரெக், கிங், கெர்லி. மாறியது ஒரே ஒரு ஆள்: லின்ட்சி வெளியே, பெட்னாரெக் உள்ளே. ஆனால் கெர்லியை இரண்டாவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு நகர்த்தியதால் மூன்று ஜோடிகளுமே புதிதாகிவிட்டன. ஹீட்ஸில் சோதித்துப் பார்த்த ஒரு கைமாற்றம்கூட இறுதியில் மிச்சமில்லை. கனடாவின் ஆரன் பிரவுன், ஜெரோம் பிளேக், பிரெண்டன் ராட்னி, ஆந்த்ரே டி கிராஸ் ஆகிய நால்வரோ இதே வரிசையில் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2022 யூஜீன் உலக சாம்பியன்ஷிப்பிலும் ஓடிப் பதக்கம் வாங்கியவர்கள். யூஜீனில் அவர்கள் அமெரிக்காவைத் தோற்கடித்து 37.48-இல் தங்கம் வென்றதும் தற்செயல் அல்ல.

ஆளை மாற்ற வேண்டிய நிலை எந்த அணிக்கும் வரும். காயம், காய்ச்சல், தனிநபர் இறுதியில் ஓடிய களைப்பு என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். அப்போது வேகமான வரிசை எது என்று யோசிப்பதற்கு முன்னால், எத்தனை ஜோடிகள் உடைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஆளையோ கடைசி ஆளையோ மாற்றினால் ஒரே ஒரு ஜோடிதான் உடையும். நடுவில் கை வைத்தால் இரண்டு. பாரிஸில் லின்ட்சியின் நான்காவது இடத்திலேயே பெட்னாரெக்கை நிறுத்தியிருந்தால் உடைந்திருப்பது ஒன்றுதான்.

வேகக் கணக்கு

நின்ற இடத்திலிருந்து கிளம்பி உச்ச வேகத்தைப் பிடிக்க நல்ல ஓட்டக்காரருக்கே 50, 60 மீட்டர் வேண்டும். ரிலேயில் அந்தச் செலவு கடிகாரத்தில் முழுதாக விழுவது முதல் ஆளுக்கு மட்டும்தான். மற்ற மூவரும் ஓடிக்கொண்டே வாங்குகிறார்கள். 2012 லண்டனில் நெஸ்டா கார்ட்டர், மைக்கேல் ஃப்ரேட்டர், யோஹான் பிளேக், உசைன் போல்ட் நால்வரும் ஓடிய 36.84 இன்றும் உலக சாதனை. ஆளுக்குச் சராசரி 9.21 வருகிறது. போல்ட்டின் தனி உலக சாதனையே 9.58தான்.

இதைவிட நல்ல உதாரணம் ஜப்பான். 2016 ரியோவில் யமகாடா, ஈஸுகா, கிர்யூ, கேம்பிரிட்ஜ் நால்வரும் 37.60-இல் வெள்ளி வாங்கினார்கள். அந்த நாள்வரை அவர்களில் ஒருவர்கூட 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியதில்லை. பத்துக்குள் ஓடும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்த அணிகள் பின்னால் நின்றன.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. பேட்டன் ஸோனுக்குள் நுழையும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, வெளியேறும்போது நிறுத்துங்கள். யார் கையில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை, பேட்டன் 30 மீட்டரைக் கடக்க எடுத்த நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. விநாடிக்கு 10.5 மீட்டர் வேகத்தில் தடையில்லாமல் போனால் 2.86 விநாடி. நடுவே தடுமாறி சராசரி 9.5-க்கு இறங்கினால் 3.16. ஒரு கைமாற்றத்தில் 0.3 விநாடி போய்விட்டது. மூன்றிலும் இப்படியானால் 0.9. பாரிஸில் தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இருந்த இடைவெளி 0.11 (கனடா 37.50, தென்னாப்பிரிக்கா 37.57, பிரிட்டன் 37.61).

நால்வரையும் தனித்தனியாக 0.1 விநாடி முன்னேற்ற ஒரு சீசன் முழுக்க உழைக்க வேண்டும். ஸோன் நேரத்தில் 0.3-ஐ இரண்டு மூன்று வாரத்தில் மீட்டுவிடலாம். ஆனாலும் பெரும்பாலான அணிகளில் ரிலே பயிற்சிக்கு ஒதுக்குவது, போட்டிக்கு முந்தைய நாளின் அரை மணி நேரத்தைத்தான்.

விதியில் தெரிந்திருக்க வேண்டியவை

இப்போது ஒவ்வொரு ஸோனும் 30 மீட்டர். 100 மீட்டர் கோட்டுக்கு 20 மீட்டர் முன்னால் தொடங்கி, அதைத் தாண்டி 10 மீட்டரில் முடியும். 2017 வரை ஸோன் 20 மீட்டர்தான். அதற்கு முன் 10 மீட்டர் வேகமெடுக்கும் பகுதி இருந்தது, அங்கே ஓடலாம், வாங்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். ரியோவில் அமெரிக்கா மூன்றாவதாக வந்தும் வெண்கலத்தை இழந்தது இந்தப் பழைய கோட்டால்தான். மைக் ராட்ஜர்ஸ் நீட்டிய பேட்டனை ஜஸ்டின் காட்லின் ஸோன் தொடங்கும் முன்பே தொட்டுவிட்டார். வெண்கலம் கனடாவுக்குப் போனது. இன்றைய விதிப்படி அதே இடம் ஸோனுக்குள் வருகிறது. இப்போது நுழையும் கோட்டில் மாட்டுபவர்கள் அபூர்வம், வெளியேறும் கோட்டில் மாட்டுபவர்கள்தான் அதிகம்.

நடுவர் பார்ப்பது பேட்டன் இருக்கும் இடத்தை மட்டுமே. ஓட்டக்காரரின் காலோ உடம்போ எங்கே இருக்கிறது என்பதை அல்ல. வாங்குபவர் முதன்முதலில் தொடும் கணத்தில் கைமாற்றம் தொடங்குகிறது, அவர் கையில் மட்டும் பேட்டன் இருக்கும் கணத்தில் முடிகிறது. இரண்டும் ஸோனுக்குள் நடக்க வேண்டும். வாங்குபவரின் கால் கோட்டைத் தாண்டியிருந்தாலும், பின்னால் நீட்டிய கையில் பேட்டன் கோட்டுக்கு உள்ளே முழுதாக வந்து சேர்ந்திருந்தால் செல்லும்.

பேட்டன் என்பது உள்ளே வெற்றிடமான குழாய். நீளம் 28 முதல் 30 செ.மீ., வெளி விட்டம் சுமார் 4 செ.மீ., எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. பிடி வழுக்காமல் இருக்கக் கையில் எதையும் பூசக் கூடாது, கையுறையும் கூடாது. எப்போது கிளம்புவது என்ற அடையாளத்துக்காக ட்ராக்கில் ஒட்ட அனுமதிப்பது ஆளுக்கு ஒரே ஒரு டேப், 5×40 செ.மீ.க்கு மிகாமல், சொந்த லேனுக்குள் மட்டும். சாக்பீஸ் கோடு போடக் கூடாது. மண் அல்லது புல் மைதானமாக இருந்தால் ஷூவின் ஸ்பைக்கால் (ஆணியால்) ஒரு கீறல் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டன் விழுந்தால் யார் கையிலிருந்து விழுந்ததோ அவர்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்காக லேனை விட்டு வெளியேறலாம், ஆனால் அடுத்தவரை இடைஞ்சல் செய்யக் கூடாது, ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொள்ளவும் கூடாது. கைமாற்றத்தின்போது கொடுப்பவர் விட்டதை வாங்குபவர் பதற்றத்தில் குனிந்து எடுத்து ஓடுவது பள்ளிப் போட்டிகளில் சகஜம். அந்த ஓட்டம் செல்லாது.

டேப்பை எங்கே ஒட்டுவது

ரிலேயின் உயிர்நாடி இந்த டேப்தான். வாங்குபவர் தன் இடத்தில் குனிந்து நின்று பின்னால் பார்க்கிறார். கொடுப்பவர் அந்த டேப்பை மிதிக்கும் கணத்தில் கிளம்ப வேண்டும். அதன் பிறகு திரும்பிப் பார்ப்பது கிடையாது.

டேப்பை எத்தனை அடி (ஷூ நீளம்) தள்ளி வைக்கலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். "இருபத்தஞ்சு வை, போதும்" என்பார் ஒருவர். அந்த எண் அவருடைய ஜோடிக்குச் சரி, உங்கள் ஜோடிக்கு அல்ல. கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 100 மீட்டரை 10.8 அளவில் ஓடும் இருவரை எடுத்துக்கொள்வோம். கொடுப்பவர் தன் கடைசி 30 மீட்டரை 3.2 விநாடியில் ஓடுகிறார் என்றால் வேகம் விநாடிக்குச் சுமார் 9.4 மீட்டர். வாங்குபவர் ஸோனின் தொடக்கத்தில் நிற்கிறார். பேட்டனை 24-ஆவது மீட்டரில் வாங்க வேண்டும் என்று முடிவு செய்கிறோம், பிழைக்கு 6 மீட்டர் மிச்சம் வைத்து. கண்ணால் பார்த்து உடம்பு அசையும் தாமதத்தையும் சேர்த்து அந்த 24 மீட்டரைக் கடக்க அவருக்கு 3.4 விநாடி ஆகிறது. அந்த 3.4 விநாடியில் கொடுப்பவர் கடப்பது 32 மீட்டர். பேட்டன் மாறும்போது இருவருக்கும் நடுவே நீட்டிய கைகளின் இடைவெளி 1 மீட்டர் இருக்கும். ஆக கொடுப்பவர் வந்து சேர வேண்டியது வாங்குபவர் கிளம்பிய இடத்திலிருந்து 23-ஆவது மீட்டருக்கு. 32-இல் 23 போனால் 9. டேப் வாங்குபவருக்கு 9 மீட்டர் பின்னால். 30 செ.மீ. ஷூவில் குதிகாலும் நுனியும் ஒட்ட அளந்தால் 30 அடி. யாருடைய ஷூவால் அளந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பைக்ஸுக்கும் பயிற்சி ஷூவுக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் இருந்தால் 30 அடியில் அது 30 செ.மீ.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை இரண்டு எண்களில் பார்க்கலாம். வாங்குபவர் 0.1 விநாடி முன்னதாகக் கிளம்பினால் கொடுப்பவர் ஏறக்குறைய 1 மீட்டர் பின்தங்கிவிடுவார். கொடுப்பவரின் வேகம் எதிர்பார்த்ததைவிட விநாடிக்கு வெறும் 0.3 மீட்டர் குறைந்தாலும் 3.4 விநாடியில் அதே 1 மீட்டர். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் 2 மீட்டர். நீட்டிய கைகளுக்கு அது எட்டாத தூரம்.

அந்த 0.3 மீட்டர் எங்கிருந்து வருகிறது? அதிகமாக வருவது பயிற்சியிலிருந்தே. மைதானத்தில் கைமாற்றம் பழகும்போது கொடுப்பவர் 30, 40 மீட்டர் மட்டும் ஓடி வருவார். புத்துணர்வோடு, உச்ச வேகத்தில் வருவார். அந்த வேகத்துக்கு டேப்பை ஒட்டிக்கொள்வார்கள். போட்டியிலோ அவர் 100 மீட்டர் தாண்டி வருகிறார். இரண்டாவது, மூன்றாவது ஆட்கள் ஸோன் தொடக்கத்தில் கிளம்பி அடுத்த ஸோனின் நடுப்பகுதி தாண்டிக் கொடுப்பதால் கிட்டத்தட்ட 125 மீட்டர் ஓடுகிறார்கள். கடைசி 20 மீட்டரில் வேகம் இறங்கியே தீரும். டேப்பை முடிவு செய்யும் நாளில் கொடுப்பவர் குறைந்தது 80 மீட்டராவது முழு வேகத்தில் ஓடி வர வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்தது காற்று. கடைசி நேர்ப்பாதையில் பின்காற்று அடிக்கிறது என்றால் எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் ஓடும் இரண்டாவது ஆளுக்கு அது எதிர்க்காற்று. அவர் மெதுவாகத்தான் வருவார், ஆகவே இரண்டாவது கைமாற்றத்தின் டேப்பை ஒன்றோ ஒன்றரை அடியோ வாங்குபவர் பக்கம் நகர்த்த வேண்டும். மைதானத்துக்குள் போனதும் கொடியைப் பார்க்காமல் பழைய எண்ணையே ஒட்டும் அணிகள் ஏராளம்.

இறுதிச் சுற்றின் பரபரப்பு வேறு. ஆட்கள் துடிப்பாக இருக்கும்போது வாங்குபவர் டேப் வரை பொறுக்காமல் "வந்துட்டான்" என்று முந்திக் கிளம்புகிறார். முன்னால் நின்று பார்ப்பவருக்கு நேராக ஓடி வருபவரின் தூரம் சரியாகத் தெரியாது, அதுதான் சிக்கல். ஒரு மொபைலை டேப்புக்கு நேர் பக்கவாட்டில், வாங்குபவரும் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) வரும்படி வைத்து விநாடிக்கு 120 அல்லது 240 சட்டங்களில் படம் பிடியுங்கள். கொடுப்பவரின் கால் டேப்பில் பட்ட சட்டத்திலிருந்து வாங்குபவரின் முதல் அசைவு எத்தனை சட்டம் தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே மாதிரி வர வேண்டும். வராத ஆளுக்கு டேப்பை நகர்த்திப் பயனில்லை, முதலில் அவர் பார்வையைப் பழக்க வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே அணியில் யார் வாங்க லாயக்கு, யாரை முதல் இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது தெரிந்துவிடும்.

கையும் குரலும்

பேட்டன் கை மாற்றி மாற்றிப் போக வேண்டும். முதல் ஆள் வலது கை, இரண்டாவது ஆள் இடது, மூன்றாவது வலது, நான்காவது இடது. வளைவில் ஓடும் முதல், மூன்றாவது ஆட்கள் வலது கையில் வைத்துக்கொண்டு லேனின் உள்விளிம்பை ஒட்டி ஓடலாம், தூரம் மிச்சம். அவர்களிடம் வாங்குபவர் லேனின் வெளிப்பாதியில் நின்று இடது கையை நீட்டினால் கொடுப்பவரின் வலது கைக்கு அது நேர் எதிரே வரும். லேனின் அகலம் 1.22 மீட்டர்தான், அதில் இருவரும் ஒரே கோட்டில் ஓடினால் பின்னால் வருபவரின் ஸ்பைக்ஸ் முன்னால் போகிறவரின் குதிகாலில் ஏறும். வாங்கிய பிறகு கை மாற்றிப் பிடிப்பது கூடவே கூடாது. பேட்டன் விழ அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கொடுக்கும் முறை மூன்று. மேலிருந்து கீழாக உள்ளங்கையில் வைப்பது ஒன்று. நேராகத் தள்ளுவது இரண்டாவது: வாங்குபவர் கையைத் தோள் உயரத்துக்குப் பின்னால் நீட்டி உள்ளங்கையைப் பின்பக்கம் காட்ட, கொடுப்பவர் பேட்டனைச் செங்குத்தாகப் பிடித்து அதில் அழுத்துவார். இந்த இரண்டிலும் கைகள் நன்றாக நீள்வதால் இருவருக்கும் நடுவே ஒரு மீட்டர், சில சமயம் அதற்கும் மேல் இலவசமாகக் கிடைக்கும். அந்தத் தூரத்தை யாரும் ஓட வேண்டாம், பேட்டன் மட்டும் தாவுகிறது.

மூன்றாவது, கீழிருந்து மேலாகக் கொடுப்பது. வாங்குபவர் கையை இடுப்புக்குச் சற்றுக் கீழே பின்னால் விட்டு விரல்களை விரித்து வைக்க, கொடுப்பவர் கீழிருந்து சொருகுவார். ஜப்பான் ஆண்கள் அணி பதக்கம் வாங்கியது இந்த முறையில்தான். கைகள் நெருங்கி வர வேண்டியிருப்பதால் இலவசத் தூரம் குறைவு. ஆனால் வாங்குபவரின் கை ஓடும் போக்கிலேயே இருப்பதால் அவர் வேகம் குலையாது. இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. ஒரு கைப்பிடிக்குச் சுமார் 10 செ.மீ. வேண்டும், பேட்டனோ 30. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பிடி முன்னால் நகர்ந்துகொண்டே போவதால், மூன்றாவது கைமாற்றத்தில் பிடிக்க இடமே இருக்காது. கொடுப்பவரின் கையோடு கை முட்டும்படி நெருக்கி வாங்கினால்தான் கடைசி ஆளுக்கு மிச்சம் இருக்கும்.

எந்த முறை சிறந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஒன்றாகச் சேர்ந்து பழக வருடத்தில் பல வாரங்கள் கிடைக்கிற அணிக்குக் கீழ்முறை நன்றாக வேலை செய்யும். முகாமுக்கு நான்கு நாள் மட்டும் வருகிற அணிக்குத் தள்ளும் முறைதான் நல்லது. அதில் உள்ளங்கை பெரிதாகத் தெரியும், கொடுப்பவருக்குக் குறி தவறாது.

குரல் கொடுப்பதில் நடக்கும் தவறு பார்க்கச் சின்னது, ஆனால் இழப்பு பெரிது. கொடுப்பவர் "கை!" என்று கத்தும்போதே தன் கையையும் நீட்டிவிடுகிறார். கை வீச்சு நின்றால் வேகம் போய்விடும், அடுத்த கணமே இடைவெளி கூடுகிறது. கத்த வேண்டும், இரண்டு கையும் வழக்கம்போல் வீச வேண்டும், எதிரே கை நிலையாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நீட்ட வேண்டும். வாங்குபவர் பக்கத்தில் இதற்கு இணையான தவறு, நீட்டிய கையை ஆட்டித் தேடுவது. தேடுவது கொடுப்பவரின் வேலை, வாங்குபவரின் கை அசையாமல் கிடக்க வேண்டும்.

பெரிய மைதானத்தில் 70,000 பேர் இரைச்சலுக்கு நடுவே பக்கத்து லேன்காரர்களும் அதே வார்த்தையைத்தான் கத்துவார்கள். அடுத்தவன் குரலுக்குக் கையை நீட்டியவர்கள் உண்டு. அதனால் சில அணிகள் தனக்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்கின்றன. இன்னும் சில, குரலையே நம்பாமல் இத்தனையாவது எட்டில் கை பின்னால் போகும் என்று எண்ணிப் பழகுகின்றன.

எட்டவில்லை என்று தெரிந்துவிட்டால்? வாங்குபவர் திரும்பக் கூடாது. திரும்பினால் தோள் சுழன்று கை இடம் மாறிவிடும். கொடுப்பவர் முன்பே பேசிவைத்த வேறொரு சொல்லைக் கத்த, வாங்குபவர் கையை அங்கேயே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். 0.3 விநாடி போகும், ஆனால் ஓட்டம் உயிரோடு இருக்கும். இதையும் பயிற்சியில் வேண்டுமென்றே டேப்பைத் தள்ளி வைத்துப் பழக வேண்டும். பழகாத அணிகள் இந்த நிலையில் உறைந்துபோகின்றன. 2021-இல் சொந்த ஊர் டோக்கியோவில் நடந்த இறுதியில், கைமாற்றத்துக்கே பெயர்போன ஜப்பானுக்கு முதல் ஸோனிலேயே டாடாவின் பேட்டன் யமகாடாவை எட்டவில்லை. ஓட்டம் அங்கேயே முடிந்தது. அந்தத் தங்கத்தை 37.50-இல் வாங்கியது இத்தாலி, பிரிட்டனைவிட 0.01 விநாடி முன்னால். பிரிட்டன் பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் பதக்கத்தையும் இழந்தது.

யாரை எங்கே நிறுத்துவது

மிக வேகமான ஆளைக் கடைசியில் நிறுத்துவது ரசிகர்களுக்குப் பிடிக்கும். எப்போதும் அதுவே சரி என்றில்லை. இத்தாலி டோக்கியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் சாம்பியன் மார்செல் ஜேக்கப்ஸை இரண்டாவதாக ஓடவிட்டது. பேட்டனோடு நேர்ப்பாதையில் நீளமான தூரம் ஓடுவது இரண்டாவது ஆள்தான். வேகமானவருக்கு அதிக மீட்டர் கொடுத்தால் லாபம். கடைசியில் நின்ற ஃபிலிப்போ டோர்டு அந்த 0.01-ஐக் காப்பாற்றினார்.

முதல் ஆளுக்கு வேண்டியது நல்ல ஸ்டார்ட்டும் வளைவில் ஓடும் திறமையும். அவர் வாங்கவே தேவையில்லை, கொடுத்தால் போதும். மூன்றாவது ஆள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர். வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும், நடுவில் முழு வளைவையும் ஓட வேண்டும். உயரமான, நீண்ட எட்டு வைப்பவர்களுக்கு உள் லேன்களின் இறுக்கமான வளைவு கஷ்டம். இந்த வகையில் பாரிஸில் கனடாவுக்குக் கிடைத்த ஒன்பதாவது லேன் அவ்வளவு மோசமானதும் அல்ல. வளைவு தளர்வானது, எதிராளிகள் கண்ணில் படாததால் தன் டேப்பை மட்டும் பார்த்து ஓடலாம்.

பயிற்சியின் அளவு பற்றிச் சுருக்கமாக. நடந்தும் மெதுவாக ஓடியும் கை பழகுவது தினமும் சூடேற்றத்தின்போதே நடக்கலாம், அதற்குக் கணக்கில்லை. டேப் வைத்த முழு வேகக் கைமாற்றம் ஒரு நாளைக்கு ஜோடிக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், அதுவும் ஸ்பைக்ஸ் போட்டு, போதிய ஓய்வு விட்டு. ஐந்தாவது முறை ஓடும்போது களைப்பில் வேகம் இறங்கி, அந்த இறங்கிய வேகத்துக்கு டேப்பை நகர்த்தத் தோன்றும். 80 சதவீத வேகத்தில் டேப் வைத்துப் பழகுவதிலும் இதே கெடுதல்தான். ரிசர்வ் ஆட்களையும் அவரவர் வாய்ப்புள்ள ஜோடிகளோடு ஓடவிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் டேப் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பாரிஸ் மாதிரி திடீரென்று வரிசை மாறினால் அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

ஹீட்ஸில் டேப்பை அரை அடியோ ஒரு அடியோ கிட்ட வைத்து, நெரிசலாக இருந்தாலும் பத்திரமாக வாங்கி முடிப்பது புத்திசாலித்தனம், தகுதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால். இறுதியில் பழைய எண்ணுக்குத் திரும்பலாம். அதையும் தாண்டி எண்ணைக் கூட்டுவது, அதாவது இதுவரை ஓடாத வேகத்தைக் கொடுப்பவர் இன்று ஓடுவார் என்று நம்புவது, பெரும்பாலும் அழுகையில்தான் முடிகிறது.

பேட்டனைக் கொடுத்து முடித்தவருக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மூச்சிரைக்க ஓரமாக ஒதுங்கத் தோன்றும். பக்கத்து லேன்களில் கைமாற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கும். அங்கே நுழைந்து யாரையாவது தடுத்தால் சரியாகக் கொடுத்த அணியும் தகுதி நீக்கம் ஆகலாம். எல்லோரும் கடந்து போகும்வரை தன் லேனுக்குள்ளேயே நேராக ஓடி நிற்க வேண்டும், பிறகு இருபுறமும் பார்த்துவிட்டு வெளியேறலாம். ட்ராக்கில் ஒட்டிய டேப்பை உரித்து எடுப்பதும் அதன் பிறகுதான்.